மூன்று நல்ல பற்களும் ஒரு கெட்ட நரம்பும்

இதை எழுதும்போது என் வலது கன்னம் மரத்துக் கிடக்கிறது. உதட்டோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் எனக்குத் தெரியாது. யாராவது சொன்னால்தான் துடைப்பேன். இந்த மரப்புக்காகத்தான் பம்பாய் வரை போய்வந்தேன். அதற்கு முந்தைய பத்து வருஷம் நான் பட்டதையும், என்னைச் சுற்றியிருந்தவர்கள் எனக்குச் செய்ததையும் எழுதிவைக்க நினைக்கிறேன். இரக்கம் வேண்டி எழுதவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். வீடு ராஜபாளையத்தில். கணவர் தங்கராஜ் அங்கே ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரி. ஒரே மகள், ஜெபா. காலையில் பஸ் பிடித்துப் போய், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பேச்சுதான். ட்ரங்க் கால் கேட்கிறவர்களுக்கு மதுரையையும் மெட்ராஸையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்திராமல் குரலை மட்டும் வைத்து என்னைத் தெரிந்துகொண்ட வியாபாரிகள் ஊரில் நிறைய இருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழிக் காலையில் பல் விளக்கும்போது முதல் தடவை அது வந்தது. வலது மேல் ஈறில் தொடங்கிக் கண்ணுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி. இரண்டு மூன்று நொடிதான். பிரஷ் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஒருமுறை இஸ்திரிப் பெட்டியில் ஷாக் வாங்கியிருக்கிறேன். அதே அடிதான், ஆனால் முகத்துக்குள்ளிருந்து வந்தது. மறுநாள் நான்கு தடவை வந்தது. ஒரு மாதம் போனபோது நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எல்லோரும் பல் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் பேரெடுத்த ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்து, வேரில் சீழ் என்று சொல்லிப் பிடுங்கினார். பத்து நாளில் வலி திரும்பியது. அடுத்த பல்லைப் பிடுங்கினார். பிறகு அதற்கு அடுத்தது. அந்த மூன்றாவது பல்லை அவர் தட்டில் போட்டதும் நான் கையில் எடுத்துப் பார்த்தேன். சொத்தை இல்லை, கறை இல்லை. வேர்நுனி வரை சுத்தமாக இருந்தது.

"டாக்டர், இது நல்ல பல்லுல்ல" என்றேன், வாயில் பஞ்சோடு.

"பாக்க அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் கையைக் கழுவிக்கொண்டே.

நான்காவது தடவை போனபோது இன்னொரு பல்லைக் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் கணவரிடம் பேசினார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, இந்த வயதில் பெண்களுக்கு மனசு இப்படி ஏதாவது காட்டும் என்றாராம். திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் கணவர், "நான் உன்னய நல்லாத்தான வச்சிருக்கேன், ஏட்டி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயில் போட்டனுப்பிய ஆளை நான் மன்னிக்கவில்லை.

வலி எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. வலியைவிட அதற்குப் பயந்து வாழ்ந்த விதம்தான் அசிங்கம். வலது கன்னத்தில் ஒரு இடம், ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதில் தண்ணீர் பட்டால் வரும். காற்று பட்டால் வரும். முந்தானை உரசினால் வரும். அதனால் அந்தப் பாதி முகத்தை நான் கழுவுவதில்லை. மாதக்கணக்கில் கழுவவில்லை. மூக்கோரத்தில் அழுக்கு பட்டை பட்டையாகப் படிந்தது. அந்தப் பக்கப் பற்களில் பிரஷ் படாமல் மஞ்சள் காரை கட்டியது. வாய் நாறியது. எச்சிலை விழுங்கினாலும் வலி வரும் என்பதால் கைக்குட்டையில் ஒழுகவிடுவேன். கண்ணாடியில் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் யாரோ பிச்சைக்காரியும் சேர்ந்து நிற்பது போல இருக்கும். சின்ன வயதிலிருந்து தலைமுடி ஒன்று சோற்றில் கிடந்தால் தட்டையே ஒதுக்கிவைக்கிற ஆள் நான். என்னை எனக்கே பிடிக்காமல் போனது.

வேலையில் அதைவிட மோசம். "நம்பர் சொல்லுங்க" என்று வாயைத் திறக்கும்போது அடிக்கும். அப்படியே பாதி வார்த்தையில் நின்றுவிடுவேன். மறுமுனையில் இருப்பவர், "ஏம்மா, தூங்குதியா? சம்பளம் வாங்கலயா நீ?" என்பார். வலி விடும்வரை அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அடுத்த ஷிப்ட்டில் வருகிறவள் என் ஹெட்செட்டை எடுத்து டெட்டாலில் துடைத்துவிட்டுத்தான் மாட்டுவாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அவள் செய்தது சரிதான். சூப்பர்வைசர் இரண்டு மெமோ கொடுத்தார்.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தார்கள். பக்கத்து வீட்டம்மா அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீரைத் தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து, முகத்தில் அடித்தால் போதும் என்றார். எங்கள் சபையிலிருந்து ஜெபக்குழுவோடு ஒரு அக்கா வந்தார். முட்டிபோடச் சொன்னார். கன்னத்தைத் தொட வேண்டாம் என்று முன்னாலேயே மூன்று தடவை சொல்லியிருந்தேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஜெபம் சூடேறியதும் உள்ளங்கையை வலது கன்னத்தில் வைத்து அழுத்தி, குரலை உயர்த்தினார். நான் அந்தக் கையைக் கடித்துவிட்டேன். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தேன்.

எனக்குள் பேய் இருப்பதற்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு வாரத்தில் தெரு முழுக்கச் செய்தி பரவியது. என் நாத்தனார், கணவருக்கு அக்கா, சேத்தூரிலிருந்து கிளம்பி வந்து வாசற்படியில் நின்றே கேட்டார்: "ஏலே தங்கம், இவள வச்சுக்கிட்டு எப்படிலே வீட்டுல படுக்க?"

"நீ வெளியதான நிக்க. அப்படியே பஸ்ஸுக்குப் போ" என்றார் என் கணவர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு எனக்கு அது மாத்திரை மாதிரி இருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போன பிறகு, மில் டாக்டர் சொல்லி மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். அந்தக் காத்திருப்பு அறையை மறக்க முடியாது. முப்பது பேர், ஒரு மின்விசிறி, மூலையில் வெற்றிலை எச்சில் காய்ந்த சுவர். மின்விசிறிக் காற்று நேராக என் கன்னத்துக்கு வந்தது. என் கணவர் எழுந்துபோய் அதை நிறுத்தினார். ஒரு ஆள் எழுந்துவந்து போட்டார். இவர் நிறுத்தினார். "மத்தவங்கல்லாம் மனுசன் இல்லையா?" என்று சத்தம் வந்தது. கடைசியில் என் கணவர் மேல்துண்டை விரித்து, எனக்கும் மின்விசிறிக்கும் நடுவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றரை மணி நேரம். கை மாற்றி மாற்றிப் பிடித்தார். யாரும் தன் இடத்தை எனக்கு மாற்றித் தரவில்லை.

டாக்டர் வயதானவர். படம் எதையும் பார்க்கவில்லை. "எங்க ஆரம்பிக்குது, காட்டுங்க" என்றார். நான் விரலைக் கன்னத்துக்குக் கொண்டுபோய், தொடாமல் ஒரு அங்குலம் தள்ளியே நிறுத்திக் காட்டினேன்.

"போதும்" என்றார். "பல்வலிக்காரங்க கன்னத்த அழுத்திப் பிடிப்பாங்க. இந்த வலிக்காரங்க மட்டுந்தான் விரல தள்ளிப் பிடிப்பாங்க."

நோய்க்குப் பெயர் டிரைஜெமினல் நியூரால்ஜியா. மூளையின் அடியிலிருந்து முகத்துக்கு வருகிற நரம்பு ஒன்று மூன்றாகப் பிரிகிறது, நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. அது கிளம்புகிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் உரசிக்கொண்டே இருந்தால் நரம்பின் மேலுறை தேய்ந்துபோகும். உறை தேய்ந்த ஒயர் மாதிரி, லேசாகத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். மனசும் இல்லை, பேயும் இல்லை, பல்லும் இல்லை. என் மூன்று பற்களைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "நிறையப் பேருக்கு அப்படி நடக்குது" என்றார். ஒரு ஆள் செய்த தவறு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கார்பமசெபின் என்ற மாத்திரை கொடுத்தார். வலிப்பு நோய்க்குக் கொடுப்பது. மூன்றாம் நாள் நான் முகம் கழுவினேன். சோப்புத் தண்ணீர் கறுப்பாக ஓடியது.

ஆறு வருஷம் அந்த மாத்திரையில் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக அளவு ஏறிக்கொண்டே போனது. முதலில் இரண்டு வேளை, பிறகு மூன்று வேளை, பிறகு வேளைக்கு இரண்டு. நடந்தால் தள்ளாடும். பார்வை இரண்டாகத் தெரியும். மெட்ராஸ் கேட்டவருக்கு மதுரையைக் கொடுப்பேன். அதற்குள் எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேட்டிக் ஆகிவிட்டதால் என்னைப் புகார் எழுதும் மேஜைக்கு மாற்றினார்கள். இல்லையென்றால் வேலை போயிருக்கும். கடைசியில் மாத்திரையும் கேட்கவில்லை. கன்னத்து வழியாக ஊசி விட்டு நரம்பைச் சுட்டுப் பார்த்தார்கள். எட்டு மாதம் கேட்டது.

அந்த எட்டு மாதம் முடிந்த சமயத்தில்தான் ஜெபாவின் கல்யாணம். சபையில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, அவள் தூத்துக்குடிக்குக் கிளம்பும் நேரம். கார் நிற்கிறது. அழுதுகொண்டே வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னத்தை வைத்தாள். பிள்ளைக்கு அந்த நேரத்தில் எந்தக் கன்னம் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? நான் இரண்டு கையாலும் அவள் நெஞ்சில் தள்ளினேன். அவள் காரின் கதவில் மோதி, கல்யாணப் புடவையோடு மண்ணில் விழுந்தாள். நான் தரையில் உட்கார்ந்து மாடு மாதிரி கத்தினேன். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. வீடியோக்காரன் லைட்டை அணைக்காமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தியம்மா ஜெபாவைத் தூக்கிவிட்டு, என் காது படவே, "இது தெரிஞ்சிருந்தா முன்னயே யோசிச்சிருப்போமே" என்றார்.

அந்தக் கேசட்டை நான் பார்த்ததில்லை. என்மேலேயே எனக்கு வந்த அருவருப்புக்கு அது தேவையும் இல்லை. மறுவாரம் மதுரை டாக்டரிடம் போய், மண்டையைத் திறந்தாலும் சரி, ஏதாவது செய்யுங்கள் என்றேன்.

காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, உரசுகிற ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைக்கிற ஆபரேஷன் உண்டு. ஆனால் சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் என் இதய வால்வு ஒன்று பழுது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் என் எக்கோ படத்தைப் பார்த்துவிட்டு, தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். அப்போதுதான் மதுரை டாக்டர் பம்பாயில் புதிதாக வந்திருக்கும் ரேடியோசர்ஜரியைப் பற்றிச் சொன்னார். பெயரில்தான் சர்ஜரி. கத்தி கிடையாது, மயக்கம் கிடையாது. பல பக்கங்களிலிருந்து மெல்லிய கதிர்களைத் தலைக்குள் அனுப்புவார்கள். ஒவ்வொரு கதிரும் தனியாக ஒன்றும் செய்யாது. எல்லாம் சேர்கிற ஒரே புள்ளியில் மட்டும் நரம்பைச் சுடும். "உடனே கேக்காது, வாரக்கணக்காகும். சிலருக்குக் கேக்கவே கேக்காது. கன்னம் மரத்துப்போகவும் செய்யும்" என்றார். ஒளிக்காமல் சொன்ன முதல் ஆள்.

ஆபீசில் மருத்துவச் செலவுக்கு எழுதிப்போட்டேன். அந்த வைத்தியத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. சங்கரன்கோவில் பக்கம் இருந்த நிலத்தை விற்றார் என் கணவர்.

செங்கோட்டை ரயிலில் எழும்பூர் போய், சென்ட்ரலில் மாறி, பம்பாய்க்குப் போனோம். ஜெபா, புருஷன் வீட்டில் ஒரு சண்டை போட்டுவிட்டு எங்களோடு வந்தாள். "இங்கிலீஷ் பாரமெல்லாம் யாரு படிப்பா? அப்பாவா?" என்றாள். ரயிலில் அவள் என் இடது பக்கத்திலேயே உட்கார்ந்துவந்தாள். கல்யாண நாளைப் பற்றி நான் வாயெடுத்தபோது, "எனக்குத் தெரியும்மா, பேசாத, வலிக்கும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் காலையில் தலையில் சட்டகம் மாட்டினார்கள். அலுமினியச் சட்டகம். நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு, நான்கு திருகாணிகள். மரப்பு ஊசி போட்டு, திருகாணியைத் தோல் வழியாக எலும்பு வரை முறுக்கினார்கள். தலை துளிகூட அசையக் கூடாது என்பதற்காக. வலியைவிட அந்த அழுத்தம்தான் சகிக்கவில்லை. மண்டையை யாரோ தேங்காய் மாதிரி சோதிக்கிற உணர்ச்சி. நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்துக்கு வழிந்தது. மலையாள நர்ஸ் ஒருத்தி துடைத்துவிட்டு, "சேச்சி, கண்ணு மூடிக்கோங்க" என்றாள்.

அந்தச் சட்டகத்தோடு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முடிக்கும்வரை வெளியே உட்காரவைத்தார்கள். வரிசையாக நாங்கள் நான்கு பேர். நான்கு பேர் தலையிலும் கூண்டு. ஒரு மராத்திப் பெரியவர் கம்பிகளுக்கு நடுவே செய்தித்தாளைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு மனைவி ஸ்ட்ரா வைத்து டீ கொடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் நான்கு கூண்டுத் தலைகளும் தெரிந்தன. எனக்கு வாந்தி வந்தது. கூண்டோடு குனிய முடியாது. என் கணவர் இரண்டு கைகளையும் குவித்து என் வாய்க்கு நேராகப் பிடித்தார். கழுவிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

மெஷினில் படுத்தது ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. தலையைப் பெரிய இரும்புத் தொப்பி ஒன்றுக்குள் நுழைத்துப் பூட்டினார்கள். தொப்பி முழுக்கச் சல்லடைக் கண். சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. கதவு மூடியது, கதவு திறந்தது. அவ்வளவுதான். சட்டகத்தைக் கழற்றித் தலையில் கட்டுப் போட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது குண்டக்கல்லில் ரயில் நின்றபோது, முன்னைவிட மோசமாக ஒன்று அடித்தது. பெர்த்தில் சுருண்டு கிடந்தேன். நிலம் போய்விட்டது, வலி போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் விசாரிக்க வந்தவர்கள் நெற்றித் தழும்பைத்தான் பார்த்தார்கள். நாத்தனாரும் வந்தார். "தலையில நாலு ஓட்ட போட்டு அனுப்புனதுக்கா பம்பாய் வரைக்கும் போனீய?" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் கேட்டதில் எனக்கும் பாதி நம்பிக்கை இருந்தது. அதுதான் ஆத்திரம்.

ஏழாவது வாரம், அடுப்பில் மிளகாய் வற்றல் கருகித் தும்மல் வந்தது. தும்மினால் வலி நிச்சயம். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். வரவில்லை. இன்னும் நின்றேன். வீடெல்லாம் புகையாகி, மில்லிலிருந்து வந்த என் கணவர் இருமிக்கொண்டே அடுப்பை அணைத்தார். "என்னட்டி?" என்றார். நான் மறுபடி தும்மினேன். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். இரண்டு பேருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்னும் பத்து நாள் கழித்துத்தான், "கேக்குது போல" என்றேன்.

மரப்பு அதற்குப் பிறகு வந்தது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். வலி திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் லைன்மேன் ஒருவர் மம்சாபுரத்துக்காரர். போன மாதம் தன் ஊரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியை என் மேஜைக்குக் கூட்டிவந்தார். புருஷனுக்கு ஐம்பது வயது இருக்கும். கூலி வேலை. முகத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். மனைவிதான் பேசினாள்.

"அவியளுக்குப் பேச ஏலாதும்மா. பேசுனா இழுக்கும். ஏழு வருசமா கஞ்சித்தண்ணிதான்."

துண்டை மெதுவாக அவிழ்த்தார். இடது பக்கத்தில் மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. கன்னத்தில் கம்பியால் சூடு போட்ட தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று. கடைசித் தழும்பு இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"யாரு போட்டா?"

"ஊர்லதான். அப்படிப் போட்டா நரம்பு செத்துப்போகும்னாங்க."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்மேல் வந்த அருவருப்பு இல்லை அது. அந்த வாரமே மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மாத்திரை எழுதினார். ஆறாம் நாள் அந்தப் பெண் தனியாக வந்தாள். மேஜைக்கு எதிரில் நின்று, "நேத்து சோறு தின்னாரும்மா. ரசஞ்சோறு. தின்னுட்டு ஓன்னு அழுதாரு" என்றாள்.

அடுத்த வாரம் அவரே வந்தார். துண்டு தோளில் கிடந்தது. பல் இல்லாத வாயால் நிதானமாகப் பேசினார். தனக்கும் பம்பாய் போக வேண்டியிருக்குமா என்று கேட்டார். மாத்திரை கேட்கிற வரைக்கும் வேண்டாம், அதற்கப்புறம் டாக்டர் சொல்வார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன?"

"இந்தச் சீக்குப் பேர ஒரு தாள்ல எழுதித் தாங்க. தேவதானத்துல எங்க சகலன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பொம்பள இருக்கு. எம்புட்டோ பல்ல எடுத்தாச்சு. வார வெள்ளிக்கிழம சூடு போடப் போறாங்களாம்."

அன்றைக்குப் புதன்கிழமை. புகார்ப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தேன். 'சூடு போடாதீர்கள்' என்று முதலில் பெரிய எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழேதான் நோயின் பெயரையும் மதுரை டாக்டரின் விலாசத்தையும் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொல்லி, முதல் வரியை மட்டும் தானும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாளை மடித்து வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்.